பின்சீட்டுக்குப் பேச்சு கேட்கவேண்டும்: பழைய டிராவலர் வேனில் சத்தம் குறைக்கும் வேலை

பழைய டெம்போ டிராவலரை வாங்கி, சீட்டுகளைக் கழற்றி, படுக்கையும் அடுப்பும் தண்ணீர் டேங்கும் வைப்பவர்கள் பெரும்பாலும் சத்தத்தைப் பற்றிக் கடைசியில்தான் யோசிக்கிறார்கள். அதற்குள் பிளைவுட் எல்லாம் அடித்து முடிந்திருக்கும், தரையைத் திரும்பத் திறக்க மனசு வராது. வண்டிக்குள் வெறும் தகரம் தெரியும்போதே செய்துவிட வேண்டிய வேலை இது.

எனக்கு இதில் அக்கறை வந்தது அம்மாவால். காதுக்கு மெஷின் வைத்திருக்கிறார். காரைக்குடிப் பக்கம் எங்கள் பள்ளத்தூரில் வீட்டுக்குள் உட்கார்ந்து பேசினால் நன்றாகவே கேட்கும். வண்டி 50 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டிவிட்டால் ஒன்றும் கேட்காது. மெஷின் பேச்சைப் பெரிதாக்கும்போது டயர் இரைச்சலையும் எஞ்சின் உறுமலையும் கூடவே பெரிதாக்குகிறது. கனத்த, தாழ்ந்த இரைச்சல் மெல்லிய பேச்சொலியை அப்படியே அமுக்கிவிடும். நல்ல காதுக்கும் இது பொருந்தும். அதனால் வண்டியை ஊமையாக்குவது என் நோக்கமில்லை. முன்சீட்டில் சாதாரணக் குரலில் பேசுவது பின்சீட்டில் புரியவேண்டும், அவ்வளவுதான். இப்படி ஒரு இலக்கு வைத்துக்கொண்டால் எதற்குப் பணம் போடுவது, எதை விட்டுவிடுவது என்பது தானாகத் தெளிவாகிவிடும்.

வேலை தொடங்குமுன் அளந்துகொள்ளுங்கள். போனில் சத்தம் அளக்கும் ஆப் இலவசமாகக் கிடைக்கிறது. அது காட்டும் எண் துல்லியமாக இருக்காது, ஆனால் முன்னுக்கும் பின்னுக்கும் உள்ள வித்தியாசத்தைக் காட்டும். ஒரே சாலை, ஒரே வேகம், ஒரே கியர், ஜன்னல்கள் மூடி, போன் ஒரே இடத்தில். நான் காரைக்குடியிலிருந்து திருமயம் போகும் சாலையில் ஒரு நேரான பகுதியை வைத்துக்கொண்டேன். அதைவிட எனக்கு உதவியது இன்னொரு சோதனை: முன்சீட்டில் இருப்பவர் அன்றைய நாளிதழிலிருந்து ஒரு வரியைச் சாதாரணக் குரலில் வாசிக்கவேண்டும், பின்சீட்டில் இருப்பவர் அதைத் திருப்பிச் சொல்லவேண்டும். எண் என்ன காட்டினாலும் சரி, வரி திரும்பி வந்தால் வேலை நடக்கிறது என்று அர்த்தம். ஆப்பில் 3 டெசிபல் குறைந்தால் ஒலியின் ஆற்றல் பாதியாகிவிட்டது என்று பொருள். ஆனால் காதுக்குப் பாதி சத்தமாகத் தோன்ற 10 டெசிபல் குறையவேண்டும். எண் மெதுவாக இறங்குகிறதே என்று சோர்ந்துபோக வேண்டாம்.

முதலில் வண்டிக்கு அடியில் போங்கள்

சத்தம் குறைக்க ஒட்டும் ஷீட் வாங்கக் கடைக்குப் போகுமுன் மெக்கானிக்கிடம் போங்கள். எஞ்சினைத் தாங்கும் ரப்பர் மவுண்ட் நைந்துபோயிருந்தால் எஞ்சின் அதிர்வு நேராக பாடிக்கு ஏறிவிடும். அதை எந்த ஷீட்டாலும் அடக்க முடியாது. எங்கள் மெக்கானிக் வண்டியை ஸ்டார்ட் பண்ணச் சொல்லி, பம்பர் மேல் கை வைத்துப் பார்த்துவிட்டு, "அண்ணே, மவுண்ட் உக்காந்துருச்சு, அதை மாத்தாம மேல எது ஒட்டுனாலும் காசுதான் போகும்" என்றார். அவர் சொன்னது அப்படியே உண்மை. மவுண்ட் மாற்றியதும் நின்ற இடத்தில் இருந்த நடுக்கம் பெருமளவு போய்விட்டது.

சைலன்சரைத் தொங்கவிடும் ரப்பர்கள், சைலன்சர் குழாயின் இணைப்புகள் இரண்டையும் பாருங்கள். இணைப்பில் கரி படிந்திருந்தால் அங்கே புகை கசிகிறது. இது சத்தத்தோடு நிற்கிற விஷயமில்லை, உயிர் விஷயம். நாம் வண்டிக்குள் ஓட்டைகளை அடைக்கப் போகிறோம். உள்ளே தூங்கவும் போகிறோம். புகைக் கசிவைச் சரிசெய்யாமல் மேற்கொண்டு ஒரு வேலையும் செய்யாதீர்கள்.

அப்புறம் டயர். பக்கச்சுவரில் இருக்கும் நான்கு இலக்க எண்ணைப் பாருங்கள். முதல் இரண்டு வாரத்தையும் அடுத்த இரண்டு ஆண்டையும் சொல்லும். ரப்பர் பழையதானால் இறுகிப்போய் அதிகம் கத்தும். கையால் டயரின் பட்டன்மேல், அதாவது சாலையில் படும் புடைப்புகள்மேல், முன்னும் பின்னும் தடவிப் பாருங்கள். ஒரு பக்கம் வழவழப்பாகவும் மறுபக்கம் ரம்பம் மாதிரியும் பட்டால் தேய்மானம் சீராக இல்லை, அலைன்மென்ட் பார்க்கவேண்டும். வண்டி ஓடும்போது 'ங்ஙொய்' என்று ஒரு ராகம் வந்து, வளைவில் அது கூடிக் குறைந்தால் சக்கர பேரிங்கைச் சந்தேகப்படலாம். கட்டைப் பட்டன் போட்ட டயரைவிட நெடுக்குவாட்டில் கோடு போட்ட டயர் தார்ச்சாலையில் அமைதியாக ஓடும். டயர் மாற்றும் காலம் நெருங்கியிருந்தால் அதையே முதல் செலவாக வையுங்கள்.

செம்மண் காட்டும் ஓட்டைகள்

நம் பக்கத்தில் வண்டி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வசதி உண்டு. ஓட்டை எங்கே என்று செம்மண்ணே காட்டிக்கொடுக்கும். வண்டியை உள்ளே நன்றாகக் கழுவித் துடைத்து, ஜன்னல் கதவெல்லாம் மூடி, கோடையில் ஒரு மண்பாதையில் கொஞ்சதூரம் ஓட்டிவிட்டு வாருங்கள். பிறகு தரைவிரிப்பைத் தூக்கி, கதவுகளைத் திறந்து, குனிந்து பாருங்கள். கதவு பீடிங் (கதவோரத்தைச் சுற்றி வரும் ரப்பர் பட்டை) சரியாகப் பதியாத இடத்தில் விரலளவு நீளத்துக்குச் சிவப்புக் கோடு விழுந்திருக்கும். பின்கதவின் கீழ்மூலையில் விசிறி மாதிரி ஒரு படிவு இருக்கும். கியர் லிவர் ரப்பரைச் சுற்றி, கிளட்ச் பெடலுக்குப் பின்னால் வயர் நுழையும் இடங்களில், பழைய சீட் போல்ட் கழற்றிய துளைகளில் எல்லாம் மெல்லிய சிவப்பு வளையம் தெரியும். தூசி நுழைந்த வழியில் காற்று நுழையும், காற்று நுழைந்த வழியில் சத்தமும் நுழையும். ஒரு சாக்பீஸ் எடுத்து ஒவ்வொன்றையும் வட்டமிட்டு வையுங்கள்.

இதை ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறேன் என்றால், ஒரு சுவரின் பரப்பில் 100-ல் ஒரு பங்கு திறந்திருந்தால் போதும், மீதி 99 பங்கு எவ்வளவு கெட்டியாக இருந்தாலும் 20 டெசிபலுக்கு மேல் தடுக்க முடியாது. விலையுயர்ந்த ஷீட்டை ஒட்டிவிட்டு பீடிங்கை அப்படியே விட்டால் ஷீட் வாங்கிய காசு அந்த இடுக்கு வழியாகப் போய்விடும்.

பீடிங் மாற்றச் சொல்லும்போது பழையதை ஒரு சாண் வெட்டிக் கையில் கொண்டுபோங்கள். உள்ளே இருக்கும் குழாய்ப் பகுதியின் அளவு பொருந்தவேண்டும். பெரிதாகிவிட்டால் கதவு மூடாது. போட்டபின் ஒரு தாள் துண்டைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். இறுக்கமாக வந்தால் சரி, வழுக்கிக்கொண்டு வந்தால் அந்த இடத்தில் கதவின் லாக்கையோ கீலையோ நகர்த்திச் சரிசெய்யவேண்டும். வயர் துளைகளுக்கு குரோமெட் என்ற ரப்பர் வளையம், போல்ட் துளைகளுக்கு ரப்பர் மூடி.

இரண்டு வகைத் துளைகளை மட்டும் தொடவே கூடாது. கதவுகளின் அடிவிளிம்பிலும் தரையிலும் தண்ணீர் வடியும் துளைகள் இருக்கும். அடைத்தால் மழைநீர் உள்ளே தேங்கிக் கதவு அழுகிவிடும். இரண்டாவது, கேஸ் சிலிண்டர் வைக்கும் பெட்டியின் அடித்துளை. சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையோடு தங்கும், அது வெளியேற அந்த வழி திறந்தே இருக்கவேண்டும். படுத்துத் தூங்கும் வண்டியில் மேலே ஒரு காற்றுவழியும் வேண்டும். அதன் வழியாகக் கொஞ்சம் சத்தம் வந்தால் வரட்டும்.

மூன்று பொருள், மூன்று வேலை

கடைக்காரர்கள் எல்லாவற்றையும் 'சவுண்ட் ப்ரூஃப் ஷீட்' என்ற ஒரே பெயரில் விற்கிறார்கள். உண்மையில் மூன்று வெவ்வேறு வேலைகள் இருக்கின்றன.

ஒன்று, தகரம் அதிராமல் அடக்குவது. இதற்குத்தான் அலுமினியத் தாள் மேலே ஒட்டிய புட்டைல் ரப்பர் ஷீட். சுமார் 2 மில்லிமீட்டர் கனம் போதும். தகரம் நெளியும்போது நடுவில் உள்ள ரப்பர் இழுபட்டு அந்த அசைவைச் சூடாக மாற்றிவிடுகிறது. இரண்டு, வெளிச்சத்தத்தை எடையால் தடுப்பது. கனமான வினைல் ஷீட் இதற்கு. சதுர மீட்டருக்கு 5 கிலோ இருப்பது வழக்கமான அளவு. மூன்று, உள்ளே வந்துவிட்ட சத்தம் சுவருக்குச் சுவர் மோதாமல் உறிஞ்சுவது. ஃபெல்ட், ரப்பர் தடவிய தென்னைநார், இலவம்பஞ்சு மெத்தை எல்லாம் இதைச் செய்யும்.

ஸ்பாஞ்சை மட்டும் சுற்றி ஒட்டினால் பலன் இருக்காது. 100 ஹெர்ட்ஸ் உறுமலின் ஒரு அலை 3.4 மீட்டர் நீளம். ஒரு அங்குல ஸ்பாஞ்சு அதை ஒன்றும் செய்யாது. தாழ்ந்த சத்தத்துக்கு எடைதான் மருந்து. எங்கள் ஊர்ப் பெரிய வீடுகளில் பட்டாலையில் நடக்கும் பேச்சு தெருவில் கேட்காததற்குக் காரணமும் அந்தச் சுண்ணாம்புக்காரைச் சுவரின் கனம்தான். வண்டித் தகரம் 0.8 மில்லிமீட்டர் என்றால் சதுர மீட்டருக்கு ஆறேகால் கிலோதான் வரும். எடையை இரட்டித்தால் அதிகபட்சம் 6 டெசிபல் குறையும். அதற்காக வண்டி முழுக்க எடை ஏற்ற முடியாது. பிரேக்கும் ஸ்பிரிங்கும் அதைத் தாங்கவேண்டும். எனவே இடம் பார்த்துத்தான் ஏற்றவேண்டும்.

தார் ஷீட் மலிவாகக் கிடைக்கிறது என்று கூரைக்கு ஒட்டுவதை நான் பலமாக எதிர்க்கிறேன். காரைக்குடிச் சித்திரை வெயிலில் வண்டிக்கூரை கை வைக்க முடியாமல் கொதிக்கும். தார் இளகி வழியும், வாடை வரும், அந்த வாடையில் யாரும் படுக்க முடியாது. புட்டைல் விலை கூடுதல்தான், ஆனாலும் கூரைக்கும் சுவருக்கும் அதுதான்.

தரையும் சக்கர வளைவும்

பின்சீட்டுக்காரரின் காதுக்கு அருகில் இருப்பது பின்சக்கர வளைவு. டயர் இரைச்சலும் ஜல்லி தெறிக்கும் சத்தமும் அந்த வழியாகத்தான் அதிகம் வரும். ஆகவே இங்கே மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம்.

பழைய பிளைவுட்டைத் தூக்கியதும் துரு தெரியும். தொண்டி, ராமேஸ்வரம் என்று கடற்கரைக்குப் போய்வந்த வண்டியில் நிச்சயம் இருக்கும். துருவை ஆராயும் சிக்ரி நிறுவனம் 1953 முதல் நம் காரைக்குடியிலேயே இயங்குகிறது. அந்த ஊர்க்காரர்கள் துருவின் மேல் ஷீட் ஒட்டி மறைப்பது அழகில்லை. கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, துரு மாற்றி திரவம் பூசி, காய்ந்ததும் ப்ரைமர், பிறகு பெயின்ட். விரல் அழுத்தினால் பொத்துக்கொள்ளும் அளவுக்குப் போயிருந்தால் வெட்டி வெல்டிங் வைக்கவேண்டும். வெல்டிங் எல்லாம் ஷீட் ஒட்டுமுன் முடிந்துவிட வேண்டும். ஒட்டியபின் தீப்பொறி பட்டால் பற்றிக்கொள்ளும்.

தகரத்தைத் தின்னர் நனைத்த துணியால் துடைத்து, எண்ணெய்ப்பசை போனதும், விரல் மொட்டியால் தட்டிக்கொண்டே போங்கள். விறைப்பு மடிப்பு இருக்கும் இடம் 'டக்' என்று சொல்லும். அகன்ற சமதளத்தின் நடு 'டங்ங்' என்று நீட்டும். அங்கேதான் ஷீட் வேண்டும். தரையிலும் சுவரிலும் அந்தச் சமதளத்தின் நடுவில் நான்கில் ஒரு பங்கு மூடினாலே பலனின் பெரும்பகுதி கிடைத்துவிடும். சக்கர வளைவை மட்டும் முழுவதும் மூடுங்கள்.

ஷீட்டைச் சின்னத் துண்டுகளாக வெட்டிக்கொண்டால் வளைவில் ஒட்ட எளிது. கையுறை போடுங்கள், அலுமினிய விளிம்பு பிளேடு மாதிரி கிழிக்கும். பின்தாளை ஒரு ஓரத்தில் மட்டும் உரித்து, அந்த ஓரத்தைப் பதித்து, ரோலரால் உருட்டிக்கொண்டே மீதியை உரித்துக்கொண்டு போங்கள். மேலே இருக்கும் புடைப்பு வடிவம் தட்டையாகி மறையும்வரை அழுத்தி உருட்டவேண்டும். காற்றுக் குமிழ் இருந்தால் ஊசியால் குத்தி அழுத்துங்கள். குளிர்நாடுகளில் இதற்கு ஹீட் கன் தேவைப்படும்; நமக்குப் பங்குனி, சித்திரையில் காலை எட்டு மணி வெயிலே போதும். உச்சிவெயிலில் ஒட்டாதீர்கள், பசை இளகி நழுவும். ஒட்டி முடித்து மறுபடி தட்டினால் 'டங்ங்' போய் மொத்தையான 'டப்' வரும். அந்த வித்தியாசம் அந்த நிமிடமே கேட்கும்.

இதற்கு மேல் 6 மில்லிமீட்டர் கனமுள்ள நைட்ரைல் ரப்பர் ஃபோம். ஏசி மெக்கானிக்குகள் டக்டுக்குச் சுற்றுவார்களே, அதேதான். காரைக்குடியில் ஏசி சாமான் விற்கும் கடையில் கேளுங்கள். தண்ணீர் குடிக்காது. அதற்கு மேல் கனமான வினைல், அதற்கு மேல் பிளைவுட். கனமான அடுக்கு தகரத்தை நேரடியாகத் தொடாமல் ஃபோம்மேல் மிதக்கவேண்டும், அதுதான் இதன் சூட்சுமம். எனவே பிளைவுட்டைத் தகரம்வரை ஸ்குரூ போட்டு இறுக்காதீர்கள். ஒவ்வொரு ஸ்குரூவும் அதிர்வு ஏறிவரும் பாதை. ஓரங்களில் அத்தியாவசியமான இடத்தில் மட்டும், ரப்பர் வாஷர் வைத்துப் போடுங்கள். ஸ்குரூ போடுமுன் அடியில் டீசல் குழாயோ பிரேக் குழாயோ வயரோ ஓடுகிறதா என்று குனிந்து பார்த்துவிடுங்கள்.

மேலே விரிக்க ஆத்தங்குடிக் கல் டிசைன் போட்ட வினைல் விரிப்பு கிடைக்கிறது. 2 மில்லிமீட்டர் கனத்தில் வாங்கினால் அழகோடு சதுர மீட்டருக்கு இரண்டு மூன்று கிலோ எடையும் தடுப்பாகச் சேர்ந்துகொள்ளும். இந்தத் தரைவேலையும் சக்கர வளைவும் முடிந்தபின் குன்றக்குடிப் பக்கம் போனபோது, நானும் மனைவியும் ஒரு கல்யாணத்துக்கு மொய் எவ்வளவு வைப்பது என்று முன்னால் பேசிக்கொண்டிருந்தோம். பின்னாலிருந்து அம்மா, "அவுக நமக்கு எவ்வளவு செஞ்சாக, அதைப் பாரு முதல்ல" என்றார். எனக்கு ஆப் காட்டிய எந்த எண்ணைவிடவும் அது பெரிய அளவீடு.

எஞ்சின் மூடி

எங்கள் வண்டியில் எஞ்சினின் பின்பகுதி டாஷ்போர்டுக்கு அடியில் உள்ளே நீண்டிருக்கிறது. அதன்மேல் கழற்றக்கூடிய மூடி. அதைச் சுற்றியுள்ள ரப்பர் பட்டை இறுகிப்போயிருந்தால் புதிது போடுங்கள், கிளிப்புகள் இறுக்கிப் பிடிக்கின்றனவா பாருங்கள். உள்பக்கத்துக்கு அலுமினியத் தாள் மூடிய கண்ணாடிநார் ஷீட் வேண்டும், ஓரங்களை அலுமினிய டேப்பால் அடைத்து. மெத்தை ஸ்பாஞ்சு இங்கே ஆகவே ஆகாது. டீசலும் ஆயிலும் ஊறி, சூட்டில் பற்றும். மேல்பக்கத்தில் கனமான வினைல், அதன்மேல் ரெக்சின். ரெக்சின் வேலை செய்பவரிடம் சூடு தாங்கும் பசை கேளுங்கள்; சாதாரணப் பசை ஒரு கோடைக்குள் விட்டுவிடும். கூரை லைனிங்குக்கும் இதே பசைதான்.

கூரைக்கு அதிகம் சொல்ல இல்லை. குறுக்குப் பட்டைகளுக்கு இடையே நடுவில் புட்டைல் துண்டுகள், பிறகு நைட்ரைல் ஃபோம், பிறகு ஃபெல்ட் ஒட்டிய லைனிங். ஐப்பசி மழையில் தகரம் பறையடிப்பதும் குறையும், வெயிலும் குறையும். கனமான வினைல் கூரைக்கு வேண்டாம். மேலே எடை ஏறினால் வளைவில் வண்டி சாயும்.

ஜன்னல், கதவு, பாத்திரம்

டிராவலரின் பெரிய கண்ணாடிகளைப் பார்த்து, சத்தமெல்லாம் இதன் வழியாகத்தான் என்று பலர் நினைக்கிறார்கள். 4 மில்லிமீட்டர் கண்ணாடி சதுர மீட்டருக்கு 10 கிலோ, தகரத்தைவிடக் கனம். பிரச்சினை கண்ணாடி ஓடும் சேனலில். உள்ளே இருக்கும் ஃபெல்ட் தேய்ந்து கண்ணாடி கிடுகிடுவென்று ஆடும். சேனலை மாற்றுங்கள். அடர்த்தியான திரைச்சீலை உள்ளே எதிரொலியைக் கொஞ்சம் குறைக்கும், உறுமலைக் குறைக்காது.

கதவின் உள்பலகையைக் கழற்றி, வெளித்தகரத்தின் உள்பக்கம் புட்டைல் ஒட்டலாம். ஆனால் கதவுக்குள் பஞ்சோ ஃபெல்ட்டோ வைக்காதீர்கள். மழைநீர் கதவுக்குள் இறங்குவது இயல்பு. உள்பலகைக்குப் பின்னால் இருக்கும் பிளாஸ்டிக் தாளையும் திரும்ப ஒட்டிவிடுங்கள்.

கடைசியில் மிஞ்சுவது நாமே ஏற்றும் சத்தம். பிளைவுட் பெட்டிகள் பாடியைத் தொடும் இடமெல்லாம் ஃபெல்ட் பட்டை வையுங்கள். எவர்சில்வர் தூக்கு, அடுக்கு, தட்டு எல்லாவற்றுக்கும் இடையே பழைய கைத்தறித் துண்டு மடித்து வையுங்கள். அடுப்பின் பர்னர் தட்டுகளைக் கழற்றித் துணியில் சுற்றுங்கள். கூர்மையான கிலுகிலுப்பு பேச்சோடு நேராக மோதும், காது மெஷின் போட்டவர்களுக்கு இது எஞ்சினைவிட எரிச்சல் தரும். மெஷின் பார்க்கும் ஆடியாலஜிஸ்டிடம் பயணத்துக்கென்று தனி செட்டிங் வைக்க முடியுமா என்றும் கேளுங்கள்.

எல்லாம் முடிந்ததும், தண்ணீர் டேங்க் நிரப்பி, சாமான் ஏற்றி, ஆட்களோடு எடைமேடையில் ஒருமுறை நிறுத்துங்கள். ஆர்.சி.யில் எழுதியிருக்கும் மொத்த எடைக்குள் இருக்கவேண்டும். ஷீட் ஒட்டுவது வண்டியின் அமைப்பை மாற்றுவது ஆகாது, ஆனால் சீட் எண்ணிக்கையைக் குறைத்திருந்தால் 1988 மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவின்படி ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் முறைப்படி பதிந்துவிடுங்கள்.

கார்த்திகை மழை விட்டதும் தரைவிரிப்பின் நான்கு மூலைகளையும் தூக்கி, பிளைவுட்டின் ஓரத்தைக் கையால் தொட்டுப் பாருங்கள். ஈரம் இருந்தால் அன்றே விரிப்பை எடுத்து வெயிலில் போட்டு, அந்த மூலைக்கு அருகிலுள்ள கதவு பீடிங்கில் தாளை வைத்து இழுக்கும் சோதனையைச் செய்யுங்கள்.